ஒதீல் பிறந்த வருஷத்து ஒயின்

சார், ஒரு நிமிஷம். பாரீசு பிளேனுக்குப் போறவங்க இந்த வாசல் வழியாத்தானே உள்ள போவாங்க? வேற வாசல் ஒண்ணும் இல்லியே? சரி சரி. அப்ப நான் இந்தத் தூணோரமா நின்னுக்கறேன். உங்களுக்கு இடைஞ்சல் இல்லியே? நீங்க யாரை அனுப்ப வந்தீங்க? மகனா. உள்ள போயிட்டானா. இருந்தாலும் நிக்கறீங்க பாருங்க. நிக்கத்தான் செய்யும் மனசு. பெத்தவன் பொழப்பே அப்படித்தான்.

நான் பாண்டிச்சேரி சார். நெல்லித்தோப்பு. பேரு கஸ்பார். எங்க ஊர்ல எங்களை சொல்தான்னு சொல்லுவாங்க. பிரெஞ்சுப் பட்டாளத்துல சேந்து, வேலை பாத்து, திரும்பி வந்து, அந்த நாட்டுப் பென்ஷன்ல ஊர்ல உக்காந்திருக்கறவங்க. அந்த ஜாதி நான். ஜாதின்னா அந்த ஜாதி இல்ல, அந்த ரகம்.

என் மக ஒதீல் இன்னைக்குப் போறா. புருஷனோட. லியோன்னு ஒரு ஊரு, அங்க வேலை. சுத்திப் பாத்துட்டு வர்ற போக்கு இல்ல, குடியேறிப் போற போக்கு. அவளும் மாப்பிள்ளையும் என் வீட்டுக்காரியும் கார்ல வந்துட்டிருக்காங்க. நான் வரமாட்டேன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு, அவங்க கிளம்பறதுக்கு முன்னாடியே பஸ்சைப் பிடிச்சு வந்து நிக்கறேன். சிரிக்காதீங்க. காரணமாத்தான் வந்திருக்கேன்.

ஒதீல் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும் சார். நாலு பெரிய மனுஷங்க முன்னாடி என்னைத் தலைகுனிய வச்சா. தைமாசம் நடந்தது, இப்ப சித்திரை. இன்னும் எனக்கு சோறு இறங்கல. 'தப்புதாம்ப்பா'ன்னு சொன்னான்னா போதும். நானும் சிலுவை போட்டு அனுப்பி வச்சிடுவேன். அதுக்குத்தான் வந்தேன். வேற ஒண்ணுத்துக்கும் இல்ல.

நீங்க ஒயின் குடிப்பீங்களா? குடிக்கறது இல்லியா. நல்லது. நானும் குடிகாரன் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். எங்க ஊர்னா எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. தெருவுக்கு நாலு கடை இருந்தா நாங்க என்ன பண்றது. நான் சொல்றது வேற ஒயினு. வச்சுக் குடிக்கற ஒயினு.

பிரான்சுல நான் கபித்தேனுக்கு டிரைவரா இருந்தேன். கபித்தேன்னா கேப்டன். ரெனார்னு பேரு. தங்கமான மனுஷன். ஒதீல் அங்கதான் பொறந்தா. அவ பொறந்த அன்னைக்கு அவரு என் தோள்ல கையைப் போட்டு ஒரு விஷயம் சொன்னாரு. 'கஸ்பார், குழந்தை பொறந்த வருஷத்து சிவப்பு ஒயினை வாங்கி வை. அதுவும் குழந்தையோட சேந்து வளரும். பெரிய நாள் வரும்போது திற.' அவங்க பரம்பரையா செய்யற பழக்கம் அது. அவரு மகன் பியேருக்கும் அப்படி வாங்கி வச்சிருக்காருன்னாரு. பாருங்க, ஒரு வெள்ளைக்கார ஆபீசர், தன் வீட்டுப் பழக்கத்தை டிரைவர்கிட்ட சொல்றாரு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அந்த வருஷத்து ஒயின் கடைக்கு வந்ததும் ஆறு பாட்டில் வாங்கினேன். போர்தோன்னு ஒரு ஊரு, அந்த ஊரு ஒயினு. ஏனோதானோன்னு இல்ல, நல்ல சரக்கு. ஊருக்கு வரும்போது இரும்புப் பொட்டியில வைக்கோல் வச்சுக் கொண்டாந்தேன். என் வீட்டுக்காரி அமலோற்பவம் பித்தளைக் குண்டான் ஒண்ணு கொண்டு வரணும்னா. அதுக்கு இடம் இல்லன்னுட்டேன். அதை இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்காட்டுவா.

அந்த ஆறு பாட்டிலையும் எப்படி வச்சிருந்தேன் தெரியுமா சார்? குழந்தையைக்கூட அப்படி வளத்திருக்க மாட்டாங்க. மாடிப்படிக்குக் கீழ அலமாரி. பூட்டு. சாவி என் அரைஞாண்ல. தக்கை காயாம இருக்க பாட்டிலைப் படுக்க வைக்கணும்னு சிலபேரு சொல்லுவாங்க. படுக்க வைக்கறதா? நான் பட்டாளத்துக்காரன். ஆறையும் நிக்க வச்சேன், வரிசையா. ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சா எங்க வீட்டுல எல்லாம் பூத்துப் போகும். செருப்பு பூக்கும், பெல்ட்டு பூக்கும். பாட்டில் தலையிலயும் பூஞ்சை வந்துரும். அதனால தைமாசம் பொறந்ததும், ஊறுகாய் ஜாடியை வெயில்ல வைக்கறோமில்ல, அந்த மாதிரி ஆறு பாட்டிலையும் மொட்டை மாடியில கொண்டுபோய் வெயில் காட்டுவேன். நல்லா சூடு ஏறினதும் ஒண்ணொண்ணா எடுத்து ஆட்டிப் பாப்பேன், உள்ள மண்டி நிக்குதான்னு. துடைச்சுத் திரும்ப உள்ள வைப்பேன். ஒரு வருஷம் தவறல. காய்ச்சலோட கிடந்த வருஷம்கூட எழுந்து வந்து வச்சேன்.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? நீங்கதான் ஒயின் குடிக்கறது இல்லியே.

சரி, விஷயத்துக்கு வர்றேன். பெரிய நாள்னு சொன்னாரில்ல கபித்தேன். அந்தப் பெரிய நாளு வரவே இல்ல சார். நானா வேணாம்னேன்? எந்தத் தகப்பனுக்கு ஆசை இருக்காது?

முதல்ல அவளோட புதுநன்மை வந்துச்சு. எங்க மாதா கோயில்ல பிள்ளைங்க முதல் தடவையா சாமியார் கையால நன்மை அப்பம் வாங்குவாங்க, வெள்ளை கவுனு, தலையில முக்காடு, கையில மெழுகுவத்தி. அமலோற்பவம் என் அரைஞாண்ல இருந்து சாவியைக் கேட்டா. நான், குழந்தைக்கே இப்பத்தான் பல்லு விழுந்து முளைக்குது, ஒயினுக்கு என்ன வயசு ஆயிருக்கும், பொறுன்னேன். அது நியாயம்தானே? நியாயம்தான். அதுல ஒரு தப்பும் இல்ல.

அப்புறம் பாக் பரீட்சை. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல அதுதான் கடைசிப் பரீட்சை, பெரிய பரீட்சை. தேறினா. ஆனா எப்படித் தேறினா? நேரா தேறல. மார்க்கு கொஞ்சம் குறைஞ்சு, திரும்பக் கூப்பிட்டு வாயால கேள்வி கேட்டு, அதுல தேறினா. ஓடி வந்து வாசல்ல நின்னுக்கிட்டே கத்தினா, 'அப்பா, பாஸ்'னு. நான் எவ்வளவு மார்க்குன்னேன். அப்படிக் கேட்டது குத்தமா? பின்னாடி இருந்து தள்ளிவிட்டு ஜெயிச்சதுக்கெல்லாம் போர்தோ திறந்தா அந்த ஒயினுக்கு என்ன மரியாதை.

ஒரு தடவை டெங்கு வந்து ரொம்பக் கஷ்டப்பட்டா. ஆஸ்பத்திரியில டாக்டரே முகத்தைத் தொங்கப் போட்டுட்டாரு. நான் லூர்து மாதாவுக்கு மொட்டை போடறேன்னு வேண்டிக்கிட்டேன், போட்டேன். பொழைச்சு வீட்டுக்கு வந்தா. எலும்பும் தோலுமா நாற்காலியில சாஞ்சுக்கிட்டு அவளே சிரிச்சுக்கிட்டுக் கேட்டா, 'இன்னைக்காச்சும் திறக்கலாமாப்பா?'ன்னு. விளையாட்டுக்குத்தான் கேட்டா. நானும் விளையாட்டுக்குத்தான் சொன்னேன், 'காய்ச்சல் வந்து போனதுக்கெல்லாமா'ன்னு. அவளும் சிரிச்சா. அவ சிரிச்சாதான் சார், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

கல்யாணம்தானே பெரிய நாளு, அதுக்கென்னன்னு கேப்பீங்க. அங்கதான் பெரிய இடியா போட்டா. பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கற பொண்ணு, நல்ல படிப்பு, பள்ளிக்கூடத்துல பிரெஞ்சு சொல்லித்தர்ற வேலை. சொல்தா வீடுகள்ல இருந்து எத்தனை இடம் வந்துச்சு. இவ என்னடான்னா கதிரேசன்னு ஒரு பையனைச் சொல்றா. பாகூர்ப் பக்கம். ஏசி மெஷின் ரிப்பேர் பண்றவன். ரிஜிஸ்தர் ஆபீசுல கையெழுத்துப் போட்டுட்டு மாலையும் கழுத்துமா வந்து நின்னாங்க. நான் கதவைச் சாத்தல சார். அதையும் சொல்லணும். உள்ள வாங்கன்னுதான் சொன்னேன். அமலோற்பவம் எப்படியோ சாவியை எடுத்து ஒரு பாட்டிலைக் கொண்டாந்து மேசையில வச்சுட்டா. நான் எழுந்து போய் அதை எடுத்து, திரும்பக் கொண்டுபோய் உள்ள வச்சுப் பூட்டினேன். அவ்வளவுதான். கோயில்ல நடக்காத கல்யாணம் எப்படி சார் பெரிய நாளாகும்? நீங்களே சொல்லுங்க.

அந்தப் பையன் கெட்டவன் இல்ல. அதையும் சொல்லிடறேன். போன வருஷம் என் ரூம்ல ஏசி போட்டுக் குடுத்தான். காசு வாங்கல. நல்லா குளுருது.

சரி, நடந்ததுக்கு வர்றேன். தைமாசம் எங்க பழைய சொல்தா சங்கத் தலைவரு, அலெக்சின்னு பேரு, அவரு வந்து ஒரு சேதி சொன்னாரு. கபித்தேன் ரெனாரோட மகன் பியேர் பாண்டிச்சேரிக்கு வந்திருக்காராம். ஊர் சுத்திப் பாக்க. அவங்க அப்பாகிட்ட வேலை பாத்த தமிழன் யாராவது இருக்காங்களான்னு கேட்டாராம். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கபித்தேன் இல்ல, போய்ச் சேந்துட்டாரு. ஆனா அவரு மகன் என் வீட்டு வாசல்ல வந்து நிக்கப் போறாரு. அன்னைக்கு முடிவு பண்ணினேன் சார். இதுதான் பெரிய நாளு. அவங்க குடும்பத்துப் பழக்கத்தை இத்தனை வருஷமா ஒரு தமிழன் வீட்டுல எப்படிக் காப்பாத்தி வச்சிருக்கான்னு அவரு பாக்கணும். கபித்தேன் மேல இருந்து பாக்கணும்.

அலெக்சி, அவரு சம்சாரம், இன்னும் ரெண்டு பழைய ஆளுங்க, எல்லாரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். சமையலுக்கு ஒதீலு வந்தா. கேக்காமலேயே வருவா, அந்த விஷயத்துல குறை சொல்ல முடியாது. அம்மாவும் மகளுமா சேந்து காலையில இருந்து அடுப்படியில நின்னாங்க. பியேர் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி அமலோற்பவம் என்னைத் தனியாக் கூப்பிட்டா. ஒதீலுக்கு லியோன்ல வேலை கிடைச்சிருச்சாம், நேத்துதான் தெரிஞ்சுதாம், அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தயங்கறா, இன்னைக்கு எப்படியும் பாட்டில் திறக்கப் போறீங்க, அதை அவ பேருல திறந்துடுங்க, ஒரு வார்த்தை சொல்லிட்டுத் திறங்க போதும்னா. எனக்குக் கோவம் வந்துச்சு. கபித்தேன் மகன் வர்ற நேரம், நடுவுல இதை எங்க கொண்டு வர்றது. வேலைதானே, நாளைக்குப் பேசிக்கலாம்னு சொல்லிட்டேன். அவ அடுப்படிக்குத் திரும்பிப் போயிட்டா.

பியேர் வந்தாரு. அச்சு அசலா அப்பா முகம். சாப்பிட உக்காந்தோம். நான் எழுந்து நின்னு, கபித்தேன் என் தோள்ல கை போட்ட கதையை முழுசா சொன்னேன். நல்லா சொன்னேன் சார், எல்லாரும் அமைதியா கேட்டாங்க. அப்புறம் அலமாரியைத் திறந்து ஆறு பாட்டிலையும் கொண்டாந்து வரிசையா நிக்க வச்சேன். முதல் பாட்டில்ல திருகாணியை விட்டேன்.

தக்கை உளுத்த மரம் மாதிரி பொடிப்பொடியா உதிந்துச்சு. சரி, பழசுதானேன்னு டீ வடிகட்டியில வடிகட்டி ஊத்தினேன். சிவப்பா வரல சார். கடுக்காய்த் தண்ணி கலர்ல வந்துச்சு. நாத்தம் மேசை பூரா அடிச்சுது. பியேர் கிளாசை வாய்கிட்டக் கொண்டுபோயி, ஒரு சொட்டு நாக்குல வச்சு, மெதுவா கீழ வச்சாரு. நல்ல வளர்ப்பு, முகத்தைச் சுளிக்கல. அலெக்சிக்கு அந்த வளர்ப்பு இல்ல. 'கஸ்பார், இது வினிகர் ஆயிடுச்சு, சாலடுல ஊத்தலாம்'னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் ஒரு பாட்டில் அப்படித்தான் போயிருக்கும்னு ரெண்டாவதைத் திறந்தேன். அதுவும் அப்படியே. மூணாவது. நாலாவது. தக்கைத்தூள் சட்டையெல்லாம். போதும் கஸ்பார், விடுங்கன்னு பியேர் சொல்றாரு. நான் விடல. ஆறாவது வரைக்கும் திறந்தேன். ஆறும் புளிச்ச தண்ணி.

வெக்கம் சார். இப்ப உங்ககிட்டச் சொல்லும்போதே காது சுடுது. பூமி பிளந்தா உள்ள போயிருப்பேன். வாழ்நாள் பூரா ஒரு பொருளைப் பொத்திப் பொத்தி வச்சு, கடைசியில ஒரு வெள்ளைக்காரர் முன்னாடி காடியை ஊத்திக் குடுத்திருக்கேன்.

அப்பதான் ஒதீல் அடுப்படியில இருந்து வந்தா. கையைப் புடவையில துடைச்சுக்கிட்டு வந்து, மேசையில இருந்த ஒரு கிளாசை எடுத்தா. ஆறாவது பாட்டில்ல இருந்து நிறைய ஊத்தினா. எல்லாரும் பாக்கறாங்க. நின்னபடியே குடிச்சா. ஒரு வாய் இல்ல, முழுசா. கஷாயம் குடிக்கற மாதிரி கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சு முடிச்சா. கிளாசை வச்சுட்டு என்னைப் பாத்து, மெதுவா, 'நல்லா இருந்திருக்கும்ப்பா'ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. எனக்கு எங்கிருந்து வந்துச்சோ அந்தக் கோவம். எரியற வீட்டுல இவ வேற கொள்ளிக்கட்டையைச் சொருகறாளேன்னு. குத்திக் காட்டறா பாருங்க, அதுவும் அத்தனை பேரு முன்னாடி. நான் சொன்னேன்: 'உன்னாலதான்டி. திறக்கற மாதிரி ஒரு நாளை நீ எனக்குக் குடுத்திருந்தா நான் ஏன் வச்சிருக்கப் போறேன்?'

தமிழ்லதான் சொன்னேன். தமிழ்ல சொன்னதால பியேருக்குப் புரியல. அவரு அலெக்சியைப் பாத்தாரு. அலெக்சி தட்டைப் பாத்தாரு. அமலோற்பவம் சுவத்தைப் பாத்தா. என்ன சொன்னாருன்னு பியேர் கேக்கறாரு. ஒதீல்தான் சொன்னா. பிரெஞ்சுல. டீச்சர் இல்லியா, என் பிரெஞ்சு பட்டாளத்துப் பிரெஞ்சு, அவளோடது புஸ்தகம் மாதிரி இருக்கும். ஒரு சொல்லு கூட்டல, ஒரு சொல்லு குறைக்கல. பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்ற குரல்ல சொன்னா. 'அப்பா சொல்றாங்க, திறக்கற மாதிரி ஒரு நாளை நான் இவங்களுக்குக் குடுக்கலையாம். அதனால வச்சிருந்தாங்களாம்.'

அதுதான் சார். அதுதான் அவ எனக்குப் பண்ணினது. அப்பன் ஏதோ ஆத்திரத்துல நம்ம பாஷையில ஒண்ணு சொன்னா, அதை வீட்டுக்குள்ளேயே விட்டுடணுமா வேணாமா? வேற பாஷையில கேக்கும்போது அது என்னமோ மாதிரி இருந்துச்சு. நான் சொன்னதுதானான்னு இருந்துச்சு.

பியேர் தன் கிளாசைத் தள்ளி வச்சாரு. அப்புறம் அவரு பாட்டுக்குச் சொல்ல ஆரம்பிச்சாரு. அவரு பொறந்த வருஷத்து ஒயினும் வீட்டுல இருந்துச்சாம். ஒண்ணுகூட அவரு கல்யாணம் வரைக்கும் வரலையாம். சைக்கிள்ல இருந்து விழுந்து மண்டை உடைஞ்சு, தையல் போட்டு வீட்டுக்கு வந்த அன்னைக்கு ஒண்ணைத் திறந்தாராம் கபித்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை, மழை பெஞ்சுக்கிட்டிருந்துச்சு, வீட்டுல முட்டை தவிர ஒண்ணும் இல்ல, அன்னைக்கு ஒண்ணு. கடைசி பாட்டில் எப்ப திறந்தாரு தெரியுமா? பியேர் பாக் பரீட்சையில தவறின அன்னைக்கு. தேறின அன்னைக்கு இல்ல சார், தவறின அன்னைக்கு. 'இன்னைக்குத்தான் உனக்கு இது வேணும்'னாராம்.

எனக்கு மனசே விட்டுப் போச்சு. அவ்வளவு பெரிய ஆபீசரு. எனக்கு ஒண்ணு சொல்லிட்டு அவரு ஒண்ணு பண்ணியிருக்காரு. ஒரு கட்டுப்பாடு வேணாமா? முட்டைக்கெல்லாம் போர்தோவா? நான் எவ்வளவோ கட்டுப்பாடா இருந்தேன், அவரு சொன்னாருங்கற ஒரே காரணத்துக்காக. அதைப் பியேர்கிட்டச் சொல்லலாம்னு பாத்தேன். சொல்லல. அவரு ஒதீல் பக்கம் திரும்பி என்னமோ பேசிக்கிட்டிருந்தாரு. லியோன் வேலையைப் பத்தி அவகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, தண்ணி கிளாசைத் தூக்கி வாழ்த்தினாரு. எல்லாரும் தண்ணி கிளாசைத் தூக்கினாங்க. நானும் தூக்கினேன்னுதான் நினைக்கறேன்.

அன்னைக்கு அவ எல்லாக் கிளாசையும் கழுவித் துடைச்சு அடுக்கி வச்சுட்டுத்தான் போனா. அதுக்கப்புறம் என்கூடப் பேச்சு இல்ல. நான் பேசல, அதனால பேச்சு இல்ல. வீட்டுக்கு வருவா, அம்மாகிட்டப் பேசுவா, போவா. மாப்பிள்ளைக்குப் பேப்பரெல்லாம் சரியாகி வர்றதுக்கு இவ்வளவு நாளாச்சு. அந்தக் காடியை அமலோற்பவம் கீழ ஊத்தல. ஜாடியில ஊத்தி வச்சு, சின்ன வெங்காயம் ஊறுகாய் போட்டா. அதுல ஒரு பாட்டிலு இன்னைக்கு ஒதீல் பெட்டியில போகுது. போர்தோவுல இருந்து வந்தது வெங்காயத்தோட திரும்பப் போகுது. நல்லா இருக்குன்னு சொல்றாங்க. நான் தொடல.

நேத்து சொல்லிட்டுப் போக வந்தா. நான் மாடியில என் ரூம்ல இருந்தேன். படி ஏறி வர்ற சத்தம் கேட்டுச்சு. சட்டுனு படுத்துக் கண்ணை மூடிக்கிட்டேன். கதவுகிட்ட நின்னா. 'அப்பா'ன்னா. ஒரே ஒரு தடவை. அவ மன்னிப்பு கேக்க வந்தாளா, சும்மா சொல்லிட்டுப் போக வந்தாளா, எனக்கு எப்படித் தெரியும்? மன்னிப்புன்னா எழுந்திருக்கலாம். சும்மான்னா நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவளைப் பாக்கறது? கொஞ்ச நேரம் நின்னா. ஏசி ரொம்பக் குளுருதுன்னு நினைச்சாளோ என்னமோ, போர்வையை இழுத்து என் காலை மூடி விட்டுட்டு இறங்கிப் போயிட்டா. அறுபத்தேழு வயசு ஆம்பளை, பொண்ணுக்குப் பயந்து தூங்கற மாதிரி நடிச்சிருக்கேன் பாருங்க. வினிகரானதுதான் வெக்கம்னு அதுவரைக்கும் நினைச்சுக்கிட்டிருந்தேன். நேத்து ராத்திரி பூரா வெக்கமா இருந்துச்சு சார். எதுக்குன்னு பிரிச்சுச் சொல்லத் தெரியல.

அதான் இன்னைக்கு விட்டுடக் கூடாதுன்னு வந்துட்டேன். வரட்டும். நேரா போய் நிப்பேன். அவளே சொல்லிடுவா. அப்படிப்பட்ட பொண்ணு இல்ல அவ, மனசுல வச்சுக்கறவ இல்ல.

அதோ. அந்தச் சாம்பல் கலர் கார். பாண்டி நம்பர். ஆமா, அதுதான். மாப்பிள்ளை இறங்கறான். பெட்டி எடுக்கறான் பாருங்க, எவ்வளவு பெரிய பெட்டி. என் வீட்டுக்காரி. பின்னாடி, நீலக் கலர்ல, அதுதான் ஒதீலு. கண்ணாடி போட்டிருக்கா. எப்ப கண்ணாடி போட்டா? எனக்குத் தெரியாதே.

சார், கொஞ்சம் இப்படி வாங்க. இந்தப் பக்கம். என்னை மறைச்சாப்ல நில்லுங்க. இல்ல, இருங்க, ஒரு நிமிஷம்.

போகச் சொல்றீங்க, புரியுது. இந்தக் கூட்டத்துல எப்படி சார்? வண்டி நிறுத்தினா விசில் ஊதறான். ட்ராலியில இடிச்சுக்கிட்டு ஆளாளுக்கு ஓடறாங்க. இதுல நின்னு என்ன பேசறது? நான் வேற சட்டையெல்லாம் கசங்கி, பஸ்சுல வந்த மூஞ்சியோட நிக்கறேன். ஒரு பூவு வாங்கிட்டு வரல, ஒண்ணு வாங்கிட்டு வரல. இப்பப் போய் நின்னா அழுதுருவேன், அவளும் அழுவா, பயணம் போறப்ப அது நல்லாவா இருக்கும்? இது அதுக்கான நேரம் இல்ல சார். அடுத்த வருஷம் லீவுக்கு வருவா. வரட்டும். அப்ப மாப்பிள்ளையோட ஆளுங்களையும் கூப்பிட்டு, பிரியாணி போட்டு, எல்லாரையும் உக்கார வச்சு, நிதானமா நானே எழுந்து நின்னு சொல்றேன். அப்படிச் செஞ்சாதான் அவளுக்கும் மரியாதை.

நீங்க பாத்துச் சொல்லுங்க. நான் தலையை நீட்டினா தெரிஞ்சுடும். என்ன பண்றா? அம்மாவைக் கட்டிக்கிட்டிருக்காளா. சரி. அழறாளா? தெரியலியா. இப்ப? வாசல்கிட்ட வந்துட்டாங்களா. டிக்கெட்டைக் காட்டறாங்களா. உள்ள போறதுக்கு முன்னாடி திரும்பறாளா பாருங்க. இந்தப் பக்கம் பாக்கறாளா? கார் வந்த பக்கமா? ரோட்டையா? எவ்வளவு நேரமா?

போயிட்டாளா.

சார், அந்தத் துப்பாக்கி வச்சிருக்காரே, அவருக்குத் தமிழ் தெரியுமா? உள்ள போனவங்களை ஒரு தடவை வெளிய வரச் சொன்னா விடமாட்டாரா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் நிப்பா, இன்னும் தூரம் போயிருக்க மாட்டா. நீங்க கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன். என்ன விஷயம்னு கேப்பாரு. விசேஷமா ஒண்ணும் இல்ல, அவங்க அப்பா சும்மா பாக்கணும்னு நிக்கறாருன்னு சொல்லுங்க சார். சும்மாதான்னு சொல்லுங்க.